கேட்காமல் எடுத்துப் போன பேச்சு

டெல்ஃபின் வண்டியை விட்டு இறங்கியபோது, எல்சியார் வாசலில் நின்று வெள்ளைமீன் அறுத்துக்கொண்டிருந்தான். அவளுக்கு அத்தை மகன். அவளைக் கண்டால் கேலி பண்ணாமல் அவனுக்கு வாயே திறக்காது. இன்றைக்கு நிமிரக்கூட இல்லை.

"வாங்க வக்கீலம்மா."

அந்த 'ங்க' சுருக்கென்று தைத்தது.

போன மாதம் ஜெனீவாவில், பல நாட்டார் கூடிய சபையில் அவள் பேசினாள். கனடாவின் பூர்வகுடிகளான தன் க்ரீ ஜனங்கள் நிலத்தை வெள்ளைக்காரருக்கு விற்கவில்லை, ஏர் கீறும் ஆழத்துக்கு மட்டும்தான் பகிர்ந்துகொண்டார்கள் என்றாள். அதற்குச் சாட்சி, எல்சியாரின் அப்பா அவனிடம் வாய்மொழியாக விட்டுப்போன, அந்த நில ஒப்பந்தம் பற்றிய பேச்சு. அப்படிப்பட்ட பேச்சு வேண்டுமென்றால் க்ரீ வழக்கப்படி, சொல்பவர் கையில் புகையிலை வைத்துக் கேட்க வேண்டும். அவர் வாங்கிக்கொண்டால்தான் சம்மதம். சட்டம் படிக்கும் மாணவர்களுக்கு அவளே சொல்லிக்கொடுப்பது இது. ஆனால், உறைந்த ஏரியில் வலை இழுத்துக்கொண்டே அவன் சொன்னபோது, சிரித்துக்கொண்டு கேட்டாள். கேட்டதை அப்படியே சபைக்கும், ஜனங்களுக்காகப் போடும் நில மனுவுக்கும் எடுத்துப் போய்விட்டாள்.

"கோவமா அத்தான்?"

"எனக்கென்ன கோவம். கடைக்குப் போனா, 'அப்பன் பேச்ச எவ்வளவுக்குடா வித்த'ன்னு கேக்குறானுங்க."

அவள் சிவப்புத் துணியில் முடிந்த புகையிலையை நீட்டினாள். செதில் ஒட்டிய அவன் கை எழவில்லை.

"எடுத்துட்டுப் போயிட்டு அப்புறம் சம்மதம் கேக்குறது யாரு வேலை? வெள்ளக்காரன் வேலைன்னு நீதான ஊர் ஊராப் போயி பேசுற."

"அது இல்லாட்டி நம்ம மனு நிக்காது அத்தான்."

"கேட்டிருந்தா குடுத்திருப்பேன் புள்ள. அதான் எரியுது."

அவளால் அங்கே நிற்க முடியவில்லை. வண்டிப் பக்கம் போய், மனுவைக் கவனிக்கும் பெண்ணுக்குப் போன் போட்டாள். அந்தப் பகுதியை முழுசாக எடுத்துவிடச் சொன்னாள். "அப்புறம் மனுவில் என்ன மிச்சம் இருக்கும்?" என்றாள் அந்தப் பெண். எடுத்துவிடு என்று மட்டும் டெல்ஃபின் திரும்பச் சொன்னாள்.

திரும்பி வந்தாள். எல்லாம் அவன் காதில் விழுந்திருந்தது. கத்தியைத் துடைத்தான்.

"நாளைக்கு வேட்டைக்குப் போறேன். பனி விழுந்தப்புறம்தான் வருவேன். அப்ப வந்து கேளு. குடுப்பேன்னு சொல்லல."

மனுவுக்குக் கெடு அதற்கு முன்பே முடிந்துவிடும். சொல்ல வாய்வரை வந்தது. சொன்னால் அவனை நெருக்குவது போல ஆகும்.

"சரி அத்தான்," என்றாள்.