நோன்பில் விழுந்த புளியோதரை

வாயிலிருந்த புளியோதரையைத் துப்பிவிட்டு, திருவொற்றியூர் தேர்க்கூட்டத்தைப் பிளந்துகொண்டு ஓடியவன் பள்ளிவாசலில்தான் நின்றான்.

"ஹஸ்ரத், நோம்பு பூடுச்சு! தேர் பாக்க சொல்ல ராஜாத்தியக்கா தொன்னையை நீட்டுச்சு. நோம்பையே மறந்துட்டு துன்னுட்டேன்!"

தொழுகை நடத்தும் ஹஸ்ரத் சிரித்தார். "மறந்து சாப்பிட்டா நோம்பு முறியாது. அல்லாவே ஊட்டினான்னு வச்சுக்க."

"ஊட்டினது ராஜாத்தியக்கா, ஹஸ்ரத்."

"சட்டம் உனக்குத் தெரியுமா, எனக்கா?"

"அது சாமி சோறாச்சே?"

"மறதிக்கு அதெல்லாம் தெரியாதுப்பா. சாயங்காலம் வரைக்கும் வாயை மூடிகிட்டு இரு. உனக்காக அல்லாகிட்ட துஆ கேக்கறேன், பேரைச் சொல்லு."

அவன் தலையிலிருந்த கைக்குட்டையை அவிழ்த்து முகத்தைத் துடைத்துக்கொண்டான்.

"சுஃபியான் பேருக்கே கேளுங்க. என் தோஸ்து. அம்மை போட்டுப் படுத்துகினு கீறான். நோம்பு வுட்டுப்போச்சேன்னு ஒரே பேஜாரு. அதான் அவனுக்குப் பதிலா நான் புடிச்சுகினு கீறேன். நான் லட்சுமணன், ஹஸ்ரத்."