ஜெராக்ஸ்காரரைக் கொன்றதற்கு ஒரு காரணம்

சினிமாக்காரர்கள் என்னை ஆணாக மாற்றியதைக்கூட நான் மன்னித்துவிட்டேன். படத்தில் நான் தாடி வைத்த நடுவயதுக்காரன். விடிந்தால் குடிக்கிறேன், பெண்டாட்டி ஓடிப்போய்விட்டாள், மழையில் நனைந்துகொண்டுதான் யோசிக்கவே செய்கிறேன். நிஜத்தில் நான் போலீஸ் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பெண்பிள்ளை. குடையில்லாமல் வாசலைத் தாண்டமாட்டேன். என் வீட்டுக்காரர் எங்கேயும் ஓடவில்லை, ஓடுகிற உடம்பும் இல்லை அவருக்கு. குழப்பத்தில் தவிக்கும் துப்பறிவாளராம்! எனக்கிருந்த ஒரே தவிப்பு நெஞ்செரிச்சல்தான்.

“மனசுல ஒரு காயம் இருந்தாதான் மேடம் கேரக்டர் நிக்கும்” என்றான் டைரக்டர். நிற்கட்டும், படுக்கட்டும், எனக்கென்ன வந்தது என்று விட்டுவிட்டேன். ஜெராக்ஸ்காரர் கொலை வழக்கை விசாரித்தவள் நான் என்பதால் ஆலோசனை சொல்லக் கூப்பிட்டிருந்தார்கள். போலீஸ் எப்படிப் பேசும், விலங்கை எப்படி மாட்டும் என்று சொல்லிக்கொடுத்தேன்.

நடந்தது இதுதான். பதினாறு வயதுப் பையன்கள் இரண்டு பேர், பள்ளிக்கூடத்துக்கு எதிரே ஜெராக்ஸ் கடை வைத்திருந்தவரைப் பட்டப்பகலில் கொன்றார்கள். மனிதர் சாப்பிடுவதற்காக ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டிருக்கிறார். நாளைக்குப் பரீட்சை, நோட்ஸ் வேண்டும் என்று இவர்கள் குனிந்து கூப்பிட, பாதிச் சாப்பாட்டில் எழுந்து கையைக் கழுவிக்கொண்டு வந்து ஷட்டரைத் தூக்கிவிட்டார். மெஷினில் பேப்பர் வைக்கக் குனிந்தவரைப் பின்னாலிருந்து இரும்புத் தடியால் அடித்தார்கள். கல்லாவைத் தொடவில்லை. அதுவரை அவர் எடுத்து வைத்திருந்த நகல்களை மட்டும் தூக்கிக்கொண்டு போய், அதைப் படித்து, மறுநாள் பரீட்சை எழுதினார்கள். ஒருவனுக்கு நல்ல மார்க் வேறு. கருமம்.

ஏன்டா செய்தீர்கள் என்று மிரட்டிக் கேட்டேன், கெஞ்சியும் கேட்டேன். “சும்மாதான் ஆன்ட்டி. எப்படி இருக்கும்னு பாத்தோம்” என்றான் ஒருவன். இன்னொருவன் வாயைப் பிளந்து கொட்டாவி விட்டான். உள்ளே பல்லுக்குப் போட்டிருந்த கம்பி பளபளவென்று தெரிந்தது. ஏதாவது பகை, ஏதாவது அவமானம், என்னவாவது இருக்காதா என்று மாதக்கணக்கில் தோண்டிப் பார்த்தேன். ஒரு மண்ணும் கிடைக்கவில்லை. நெஞ்செரிச்சல் வந்ததே அப்போதுதான்.

ஜெராக்ஸ்காரரின் மனைவி பள்ளிச் சீருடை தைத்து மகளை வளர்த்தாள். வழக்குக்காகப் போய்வந்த வீடு எனக்குத் தங்கை வீடு மாதிரி ஆகிவிட்டது. அப்பா சாகும்போது தவழ்ந்துகொண்டிருந்த குட்டி இப்போது ஒன்பதாவது படிக்கிறது. படம் எடுக்கிறார்கள் என்றதும் தையல்காரி ஒரேயடியாக மாட்டேன் என்றாள். குட்டிதான் விடவில்லை.

“அப்பா நடந்து நான் பாத்ததே இல்ல பெரியம்மா. எல்லா போட்டோலயும் சும்மா நின்னுட்டே இருக்கார்” என்றது.

கதையை முழுக்கப் படித்துப் பார்த்தேன். ஜெராக்ஸ்காரரைப் பற்றித் தப்பாக ஒரு வரி இல்லை. ஒத்துக்கொள் என்று நான்தான் தையல்காரியிடம் சொன்னேன். அவள் புருஷனாக நடிக்க வந்தவனுக்கு அவளே நடை சொல்லிக்கொடுத்தாள். இடது தோளைச் சாய்த்து நடப்பார், பேனாவைக் காதில் செருகிக்கொண்டு அதையே தேடுவார் என்று சிரித்துக்கொண்டே நடந்து காட்டினாள். அவள் சிரித்து நான் அன்றைக்குத்தான் பார்த்தேன்.

படம் வெளிவந்த அன்று சாயங்காலம் முதல் காட்சி. குடும்பத்தோடு வரச் சொல்லியிருந்தார்கள். மத்தியானம் ஸ்டுடியோவில் கடைசியாகப் படத்தை ஓட்டிப் பார்த்தவர்கள் ஒரு போலீஸ் வார்த்தை சரியா என்று கேட்க என்னைக் கூப்பிட்டார்கள். போனபோது திரையில் வேறொரு காட்சி ஓடிக்கொண்டிருந்தது. கடைக்குள்ளே ஒரு பையன். ஜெராக்ஸ்காரர் ஷட்டரைத் தரைவரைக்கும் இழுத்து மூடுகிறார். இடது தோளைச் சாய்த்துக்கொண்டு நடந்து வந்து பையனின் கழுத்தைத் தடவுகிறார். பையன் நடுங்குகிறான்.

“என்னய்யா கண்றாவி இது?” என்று கத்தினேன்.

டைரக்டர் பிஸ்கட் தின்றுகொண்டிருந்தான். “நல்லா வந்திருக்குல்ல மேடம்? புதுசா சேத்தோம். கொஞ்ச பேருக்குப் போட்டுக் காட்டினோம், எல்லாரும் ஏன் கொன்னாங்க, ஏன் கொன்னாங்கன்னே கேக்கறாங்க. காரணம் இல்லன்னா படம் ஊத்திக்கும்.”

“காரணம் கிடையாதுய்யா! நான் தேடி அலுத்துட்டேன்.”

“அதான் நாங்க குடுத்துட்டோம்.”

“செத்தவருக்குப் பொண்ணு இருக்கா. அவ பாக்க வர்றா.”

“பேரை மாத்திட்டோமே மேடம்!”

“நடையை மாத்தினியா?”

உதட்டில் ஒட்டியிருந்த பிஸ்கட் தூளை நாக்கால் நக்கிக்கொண்டு, டீ சொல்லட்டுமா என்றான். அந்த மூஞ்சியில் ஒன்று விட்டிருப்பேன். கை ஓங்கியும்விட்டேன். அதைவிடத் தையல்காரியைத் தடுப்பது முக்கியம் என்று ஓடினேன்.

போனை எடுக்கவில்லை அவள். பஸ்ஸில் வந்துகொண்டிருந்தாளாம். தியேட்டர் வாசலில் புதுப் புடவையும் பதற்றமுமாக நின்றாள். குட்டி தலையை நன்றாக வாரிப் பொட்டிட்டிருந்தது. குழந்தை முன்னால் எந்த வாயால் சொல்வது? தண்ணீர் வாங்கி வா என்று அதை அனுப்பிவிட்டு, தையல்காரியை ஓரமாக இழுத்துக்கொண்டு போய்ச் சொன்னேன்.

“என்னக்கா சொல்றீங்க? அவரையா?” என்றாள். சுவரைப் பிடித்துக்கொண்டாள். “யார் பிள்ளை அழுதாலும் தூக்கி வெச்சுக்குவாரேக்கா. அதையா இப்படிக் காட்டியிருக்காங்க?”

வா, வீட்டுக்குப் போகலாம் என்று திரும்பிப் பார்த்தால் குட்டியைக் காணோம். அப்பாவாக நடித்தவன் அதைப் பார்த்துவிட்டு, வா பாப்பா என்று கையைப் பிடித்து முன்வரிசைக்கே கூட்டிக்கொண்டு போய்விட்டானாம். வாசலில் நின்ற பையன் சொன்னான்.

நாங்கள் உள்ளே நுழையும்போது விளக்கை அணைத்துவிட்டார்கள். தட்டுத் தடுமாறி, யார் யார் காலையோ மிதித்துக்கொண்டு முன்வரிசைக்குப் போய்க் குட்டியின் கையைப் பிடித்தேன்.

“இருங்க பெரியம்மா” என்றது, திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். “அப்பா நடக்கறார்.”

முகமெல்லாம் சிரிப்பு. அம்மா கூப்பிட்டும் எழுந்திருக்கவில்லை, நாற்காலிக் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டது. நான் இழுத்துக்கொண்டிருக்கும்போதே ஷட்டரை இழுத்து மூடும் சத்தம் கேட்டது.

“நிறுத்துங்கடா!” என்று கத்தினேன். “பொய்டா இது, நிறுத்துங்கடா!”

“உக்காருங்கம்மா, மறைக்குது” என்றான் பின்னாலிருந்து ஒருவன்.

திரையில் பையன் தடியை எடுத்தான். ஓங்கி அடித்தான். தியேட்டரே கை தட்டியது. விசில் வேறு அடித்தார்கள். சீ, நல்ல குடும்பத்து மனிதர்கள், குழந்தை குட்டிகளோடு வந்தவர்கள், அத்தனை பேரும் தட்டினார்கள். அந்த அடியைப் பிணவறையில் பார்த்தவள் நான்.

குட்டியின் கையை இப்போது இழுக்க வேண்டியிருக்கவில்லை. தானாகவே எழுந்து வந்தது.

வெளியே படிக்கட்டில் தையல்காரி உட்கார்ந்துவிட்டாள். நான் குட்டியைச் சற்றுத் தள்ளி நிறுத்தி, தோளைப் பிடித்துக்கொண்டு சொன்னேன். “குட்டி, என்னப் பாரு. அது அத்தனையும் அவன் ஜோடிச்சது. உங்கப்பா அப்படிப்பட்ட ஆளே இல்ல. விசாரிச்சவ நான் சொல்றேன். அந்தப் பசங்க கொன்னதுக்குக் காரணமே கிடையாது.”

குட்டி தலையை ஆட்டியது. என் முகத்தைப் பார்க்கவில்லை.

“அவர் ஏதாவது பண்ணியிருக்கணும்ல பெரியம்மா?” என்றது. “இல்லன்னா ஏன் கொல்லப்போறாங்க?”

அம்மாவின் காதில் விழக் கூடாதென்று மெதுவாகத்தான் கேட்டது.