கரிக்குக் கீழே

"அந்தக் கையோட கதவைத் தொட்டீங்க, அப்புறம் நான் மனுஷியா இருக்க மாட்டேன்."

"தொடல தாயே. காலால தள்ளிக்கிறேன்."

பெருவிரல் நிறைய விளக்குக் கரியோடு கணவர் பட்டறை அறைக்குள் போனார். அவள் பாலை இறக்கிவைத்துவிட்டு, டீ வேண்டுமா என்று கேட்கப் போனபோது, மேசைமேல் நெற்றியை வைத்துக் கிடந்தார். கூப்பிட்டுப் பார்த்தாள். தொட்டுப் பார்த்தாள். அவ்வளவுதான்.

மேசையில் அவர் விட்டுப்போனது ஒரு பழைய ரைஃபிள். குழலில் ஈயம் ஊற்றி அடைத்தது. சுடாது, சுவரில் மாட்டத்தான். அந்த மாதிரியை உலகத்தில் விரல்விட்டு எண்ணிவிடலாம் என்பார். அதில் ஒரே ஒரு சாமான் இல்லை: சுட்ட தோட்டாவின் காலிக்கூட்டை வெளியே இழுத்துப்போடும் சின்ன எஃகு நகம். அதன் வடிவத்தைச் சொல்ல ஆளில்லை. அவரே தகரத்தில் வெட்டி, விளக்கில் காட்டிக் கரியேற்றி, உள்ளே அழுத்தி எடுப்பார். கரி அழிந்த இடத்தில் இடிக்கிறது என்று அர்த்தம். அங்கே அரத்தால் ராவுவார். மறுபடியும் கரி.

அவரைப் புதைத்த ஈரம் காய்வதற்குள் இரண்டு பேர் வந்தார்கள். "குறைத் துப்பாக்கிதானேம்மா. வந்த விலைக்குத் தள்ளிவிடுங்க."

அவர்களை அனுப்பிவிட்டு, அதை முழுசாக்கியே தீருவது என்று முடிவு செய்தாள். அவருடைய போனில் பழைய துப்பாக்கி சேகரிப்பவர்களின் குழு ஒன்று இருந்தது. அங்கே அவருக்குப் பட்டப்பெயர் ஆணி. ஆணி இல்லை என்று தெரிந்தால் தகவல் வராது, விலை பேசத்தான் வருவார்கள். ஆகவே கரடி என்கிற ஒருவர், 'என்ன ஆணி, ஆளையே காணோம்?' என்று கேட்டபோது, அவளே பதில் போட்டாள்: 'உடம்பு சரியில்ல. அந்த நகத்தைப் பத்தி ஏதாவது தெரிஞ்சுதா? பாப்போம்.'

எதையும் 'பாப்போம்' என்று முடிப்பது அவர் வழக்கம். அவள் அந்தச் சொல்லைத் தட்டும்போதெல்லாம் பட்டறையில் யாரோ தொண்டையைச் செருமுவது போலிருக்கும்.

லேத் வைத்திருக்கும் கொழுந்தன் கிண்டலடித்தான். "அண்ணி, ஒருநாள் அண்ணனே வந்து, 'எவ என் போனை எடுத்தது'ன்னு சத்தம் போடப் போறாரு."

"போடட்டுமே."

அவன் சிரிப்பை விழுங்கிக்கொண்டான்.

கடைசியில் கரடியிடமிருந்து தகவல் வந்தது. 'இதுல ரெண்டு வகை உண்டு. ரெண்டுக்கும் படம் எங்கிட்ட இருக்கு. துப்பாக்கியோட இடது உட்சுவர்ல நட்சத்திரம் குத்தியிருந்தா பிந்தின வகை, இல்லேன்னா முந்தினது. மாத்திச் செஞ்சே, திறந்து மூடுற லீவர் உடைஞ்சிடும்.'

கொழுந்தன் ரைஃபிளைத் திறந்து டார்ச் அடித்தான். உட்சுவர் முழுக்கக் கரி. நடுவில் ஒரு பெருவிரல் ரேகை, அரம் கிழித்த பழைய தழும்போடு. நட்சத்திரம் இருந்தால் அதற்குக் கீழேதான் இருக்க வேண்டும்.

"போட்டோ எடுத்து வச்சுக்குங்க அண்ணி."

எடுத்தாள். போட்டோவில் வெறும் கறுப்புதான் விழுந்தது. எத்தனை தடவை எடுத்தாலும் கறுப்பு.

"நான் துடைக்கட்டுமா?" அவன் துணியை எடுத்தான்.

"கையை வெச்சே, பாரு!"

அன்று மூடிவைத்துவிட்டாள். மறுநாள் காலை அவனை வரச்சொல்லி, துணி வேண்டாம் என்று தன் பெருவிரலையே ரேகைமேல் வைத்தாள். கொஞ்ச நேரம் அப்படியே வைத்திருந்தாள். பிறகு தேய்த்தாள்.

கீழே ஒன்றுமில்லை. வழவழவென்று வெறும் எஃகு.

'நட்சத்திரம் இல்ல' என்று தட்டினாள்.

'அப்ப முந்தின வகைதான். சந்தேகமே வேண்டாம்.' கூடவே படமும் அளவும் வந்தன.

கொழுந்தன் செய்துகொண்டு வந்த நகம் இடிக்காமல் உட்கார்ந்தது. லீவரை இறக்கியதும் அது நாக்கு நீட்டுவது போல வெளியே வந்தது. அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டு மூக்கைச் சிந்தினான்.

'முடிச்சிட்டியா ஆணி! அடுத்து என்ன?' என்று கரடி கேட்டார்.

'பாப்போம்' என்று தட்டி, அழித்தாள். 'அவர் இல்லைங்க. நான் அவர் மனைவி. அவர் போய் மாசக்கணக்கு ஆகுது.'

கரடியின் பதில் வந்தது: 'அப்ப இத்தனை நாளா எங்கூடப் பேசினது யாரும்மா?'

அவள் போனை வைத்துவிட்டு, ரைஃபிளை மாட்ட எழுந்தாள்.

ரைஃபிள் சுவரில் ஏறிவிட்டது. பட்டறை முக்காலி மட்டும் அவர் உயரத்துக்குத் திருகி வைத்தபடியே இருக்கிறது. உட்கார்ந்தால் அவளுக்குக் கால் தரையில் எட்டாது.