கோட்டு கிடந்த நாற்காலி

எங்கள் பழங்குடி ஊர் விருந்து மண்டபத்தில் யார் எங்கே உட்கார வேண்டும் என்று சொல்கிறவள் நான், ஆர்டிஸ். ஒரு சுவரோரம் ஓநாய்க் குலம், எதிர்ச் சுவரோரம் தவளைக் குலம். தாய் உட்கார்ந்த இடத்தருகேதான் பிள்ளைக்கும் இடம். தவறான இடத்தில் உட்கார வைத்துவிட்டால், வைத்தவள் சபையில் எழுந்து நின்று தப்பைச் சொல்லித் துடைக்க வேண்டும். அதற்குப் பயந்தே ஊரார் குடும்பக் கதைகளைத் துருவித் துருவிக் கேட்பேன். பயம் பாதி, ஆசை பாதி.

எனக்கு வாய்த்த தலைவலி ஹேசல் அத்தை. என் அப்பாவைப் போல ஓநாய்க் குலம். எழுபத்தாறு வயது. உட்கார்ந்ததும் பக்கத்து நாற்காலியில் தன் கோட்டைப் போட்டுவிடுவாள்.

“அத்தை, ஆள் நிக்குது. உங்க கோட்டுக்குப் பசிக்குதா?”

“உன் வேலையப் பாருடி.”

இருபது வருடமாக இதே சண்டை. கடைசியில் முனகிக்கொண்டே எடுப்பாள்.

அந்தச் சனிக்கிழமை மாகாணத்தின் மனித உரிமை அலுவலர் ஒருவர் வந்திருந்தார். அந்தக் காலத்தில் அரசு எங்கள் பிள்ளைகளைப் பிடுங்கி வெள்ளைக்காரர்களுக்குத் தத்துக் கொடுத்ததற்கு மன்னிப்புக் கடிதம் வாசிக்க வேண்டுமாம். கூடவே கொலீன் என்றொரு பெண். மூன்று வயதில் இங்கிருந்து கொண்டுபோகப்பட்டவள், இப்போது அறுபதை நெருங்குகிறாள்.

“நான் பின்னாடி எங்கயாவது உக்காந்துக்கிறேங்க” என்றாள் கொலீன்.

“எங்கயாவதுன்னு ஒரு இடம் இங்க கிடையாதும்மா. உங்க அம்மா பேரு?”

அவள் அலுவலரைப் பார்த்தாள். அவர் கோப்பைத் திறந்து காட்டினார். 1968, பெண், வயது மூன்று. பெற்றோர் பெயர்கள்மேல் கறுப்பு மை. அந்த ஒரு வருடத்தில் மட்டும் எங்கள் ஊரிலிருந்து ஏழு குழந்தைகள் போயிருக்கின்றன.

“முதல்ல நான் கடிதத்தை வாசிச்சிடட்டுமா?” என்றார் அலுவலர்.

“பொறுங்க சார். எல்லாரும் அவங்கவங்க இடத்துல உக்காராம இங்க யாரும் வாயைத் திறக்கக்கூடாது.”

இடம் கிடைக்காவிட்டால் கொலீன் விருந்தாளி. வாசலோரம் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு விருந்தாளியாகவே திரும்பிப் போவாள். அது எனக்குப் பொறுக்கவில்லை.

“இந்த மண்டபம் ஏதாச்சும் ஞாபகம் இருக்கா?”

“யாரோட மடியிலயோ உக்காந்திருந்தேன். எதிர்ல அடுப்பு. உள்ள நெருப்பு தெரியும். ஆனா பாதிதான் தெரியும். மீதிப் பாதி எங்க போச்சுன்னு யோசிப்பேன்.”

எனக்கு உடம்பெல்லாம் பரபரத்தது. பெரிய இரும்பு அடுப்பு இன்றும் நடு மண்டபத்தில், அன்றிருந்த இடத்திலேயே இருக்கிறது. அதன் வாய் ஓநாய்ச் சுவரைப் பார்த்திருக்கும். தவளைகளுக்குத் தெரிவதெல்லாம் அதன் முதுகுதான்.

“ஓநாய்ப் பக்கம்!” என்று அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனேன். முதல் நாற்காலி, இரண்டாவது, மூன்றாவது என்று உட்காரவைத்துப் பார்த்தேன். “முழு நெருப்பும் தெரியுது” என்றாள் ஒவ்வொன்றிலும். அதற்கடுத்த நாற்காலிகளில், அடுப்புக்கு முன்னால் நிற்கும் மரத்தூண் மெல்ல மெல்ல நெருப்பை மறைக்கத் தொடங்கியது. ஊரே கழுத்தை நீட்டிப் பார்த்தது. யாரோ, “ஆர்டிஸ், டிக்கெட் எப்ப கிழிப்ப?” என்று கத்தினான்.

ஒன்பதாவது நாற்காலியில் கோட்டு கிடந்தது.

“அத்தை, கோட்டை...” என்று ஆரம்பித்தேன். முடிக்கவில்லை. அத்தை எழுந்து நின்றிருந்தாள். கோட்டை எடுத்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். கொலீன் உட்கார்ந்தாள், அடுப்பைப் பார்த்தாள், தலையைச் சாய்த்தாள்.

“பாதி” என்றாள்.

“என் அக்கா லியோனாவும் இப்படித்தான் தலையைச் சாய்ப்பா” என்றாள் அத்தை. “எம் மக திரும்பி வர்றவரைக்கும் இந்த எடத்த யாருக்கும் விடாதன்னு சொல்லிட்டுத்தான் செத்துப்போனா. நீ அவ மக. உன் பேரு ஜூனி.”

கொலீன் வாயைப் பொத்திக்கொண்டாள். அத்தை கோட்டை அவள் தோளில் போர்த்தினாள்.

அலுவலர் தொண்டையைச் செருமிக்கொண்டு காகிதத்தை விரித்தார். அதற்குள் நான் சபை நடுவே போய் நின்றுவிட்டேன். எல்லார் வீட்டுக் கதையையும் துருவியவள், அந்தக் கோட்டு ஏன் அங்கே கிடக்கிறது என்று மட்டும் ஒருநாளும் கேட்கவில்லை. 

“ஆள் இருக்கிற நாற்காலியில இருபது வருஷமா வேற ஆளை உக்காரவச்சேன். தப்பு என்னோடது” என்றேன் சபை முழுக்கக் கேட்கும்படி.

அத்தை என்னைப் பார்த்துத் தலையசைத்தாள். பிறகு அலுவலர் பக்கம் திரும்பினாள்.

“இப்ப நீங்க சொல்லுங்க தம்பி. கேக்க வேண்டியவ வந்துட்டா.”