ஈடு விடுப்பில் ஒன்பது நாள்

கடைத் தராசுகளைச் சோதித்து முத்திரை வைக்கிற அரசாங்க ஆய்வாளன் அவன். எடைக்கற்கள் அடுக்கிய மரப்பெட்டியோடு அவன் தெருவில் நுழைந்தால் கடைக்காரர்கள் தராசுத் தட்டைத் துடைக்கத் தொடங்குவார்கள். அலுவலகத்தில் அவனுக்குப் பெயரே தராசு என்று ஆகிவிட்டது. முன்பு மாதத்துக்குப் பத்து நாள் வெளியூர் போவான். மனைவி இறந்த இந்த ஏழு மாதத்தில், மற்றவர்கள் மூக்கைச் சுளித்து ஒதுக்கிய டூர்களை எல்லாம் கேட்டு வாங்கிக்கொண்டான். இரண்டு பஸ் மாற வேண்டிய ஊர், தண்ணீர் கரிக்கும் ஊர், அறையில் மின்விசிறி சுற்றாத ஊர். எந்த ஊரானாலும் சரி. வீட்டுச் சாவி பையின் அடியில் கிடந்தால் போதும்.

ஆனால் அரசாங்கத்தில் எதுவும் சும்மா போய்விடாது. அலுவலக நேரத்துக்கு வெளியே பயணத்தில் கழிந்த நேரமெல்லாம் ஈடு விடுப்பாக ஏறும். பஸ்ஸில் உட்கார்ந்திருந்த நேரம் சேர்த்தி. அடுத்த பஸ்ஸுக்குக் காத்திருந்த நேரமும் சேர்த்தி. போன இடத்தில் அறை எடுத்துத் தூங்கியது சேர்த்தி இல்லை. ஏறிய மணியைக் காசாக்க முடியாது. அடுத்தவருக்குத் தர முடியாது. கணக்கு ஆண்டு முடிவதற்குள் விடுப்பாக எடுக்காவிட்டால் காலாவதி. ஆக, வீட்டை விட்டு அவன் எவ்வளவு தூரம் ஓடினானோ, வீட்டில் இருக்க வேண்டிய நேரமும் அவ்வளவுக்கு வளர்ந்தது. நிழலை உதறப் பார்த்து ஓடினவன் கதைதான்.

விடுப்புப் பதிவேட்டைக் கட்டிக் காத்த எழுத்தருக்குக் கெடு அக்கா என்று பெயர். யாரைப் பார்த்தாலும் ஏதாவது ஒன்றுக்குக் கெடு சொல்லாமல் விடமாட்டாள். அன்று அவனைப் பிடித்துக்கொண்டாள்.

"தம்பி, எழுபத்திரண்டு மணி நேரம் நிக்குது உன் பேர்ல. மாசக் கடைசியோட செத்துப்போயிடும்."

சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள். அவன் கவனித்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை.

"போகட்டும்க்கா."

"நீ போகட்டும்னு சொல்லிட்டுப் போயிடுவ. தணிக்கைக்கு வர்றவன் என்னைத்தானே குடைவான், ஆளை ஏன் லீவுல அனுப்பலன்னு?"

"டிரைவர் பொண்ணுக்கு ஆபரேஷனாம். அவருக்குக் குடுத்துடுங்களேன்."

"இது என்ன குடையா, மழைக்கு மாத்திக் குடுக்க? உன் பேர்ல ஏறினது உன் பேர்லதான் இறங்கணும்."

"அப்போ அந்தத் துறைமுக டூர்? பன்னிரண்டு நாள். எனக்குத்தான்னு சார் சொன்னாரே."

"சார் சொன்னாரு. நான் சொல்லலையே. இது பூஜ்யம் ஆகுறவரைக்கும் உனக்கு ஆர்டர் டைப் பண்ண மாட்டேன். ஒன்பது நாள். போ, வீட்ல கால நீட்டி உக்காரு."

விடாக்கண்டனும் கொடாக்கண்டனும் மோதினால் பேனா வைத்திருக்கிறவர்தான் ஜெயிப்பார். அவன் கையெழுத்துப் போட்டான்.

அந்த எழுபத்திரண்டில் பாதிக்கு மேல் மனைவி இருந்தபோதே சேர்ந்தது. "அந்த மணியெல்லாம் எப்பத்தான் எடுக்கப் போறீங்க?" என்று கேட்பாள். "சேரட்டும்" என்பான். "எங்கயும் கூட்டிட்டுப் போக வேண்டாம். ஒரு செவ்வாய்க்கிழமை மதியானம் இந்த வீடு எப்படி இருக்கும்னு நீங்க பாக்கணும். அவ்வளவுதான்." அதில் பார்க்க என்ன இருக்கிறது என்று அவனுக்குப் புரிந்ததில்லை. கல்யாணமான புதிதில் ஒருமுறை சொன்னாள், தினமும் மூன்று பத்துக்கு மாடியில் யாரோ நாற்காலியை இழுக்கிறார்கள், சமையலறைக் கூரை இடிந்து விழுகிற மாதிரி சத்தம் என்று. "மூணு பத்துன்னு மணி பார்த்துச் சொல்ற அளவுக்கு உனக்கு வேலை இல்லாமப் போச்சா?" என்று சிரித்தான். அதற்குப் பிறகு அவள் நாற்காலியைப் பற்றிப் பேசவில்லை.

அவளுக்குக் காய்ச்சல் கண்ட மூன்று நாளும் அவன் டூரில் இருந்தான். நான்காம் நாள் ஆஸ்பத்திரிக்கு நேராகப் போய்ச் சேர்ந்தான். ஆறாம் நாள் எல்லாம் முடிந்துவிட்டது. அவளை ஆட்டோவில் கொண்டுவந்து சேர்த்தது மாடி வீட்டுக்காரி என்று யாரோ சொன்னார்கள். நன்றி சொன்னான். மாடியில் இருக்கிறவளுக்குக் கீழே ஒருத்தி காய்ச்சலில் கிடப்பது எப்படித் தெரிந்தது என்று கேட்கத் தோன்றவில்லை. அப்போது அவனுக்கு எதுவுமே தோன்றவில்லை. இப்போதும் பெரிதாக ஒன்றும் தோன்றுவதில்லை.

திங்கட்கிழமை விடுப்பின் முதல் நாள். விடிந்ததும் குளித்தான். சட்டை மாட்டினான். கால் தானாகப் பஸ் நிலையத்துக்குப் போனது. கடைசி டூரில் தங்கிய ஊருக்கு ஒரு பஸ் நின்றுகொண்டிருந்தது. ஏறிவிட்டான். ஜன்னலோரம் உட்கார்ந்ததும் சட்டைப் பையிலிருந்து குறிப்புப் புத்தகத்தை எடுத்து எழுதினான்: புறப்பாடு ஆறு நாற்பது. நடுவில் பஸ் மாற வேண்டிய இடத்தில் ஐம்பது நிமிடம் நின்றான். அதையும் எழுதினான்.

அந்த ஊர் அரசாங்க விடுதியின் காவலாளிக்கு அவனைத் தெரியும். சிரித்தபடி சாவிக் கொத்தை எடுத்தவர் பாதியில் நிறுத்தினார்.

"பெட்டி எங்க சார்?"

"எடுத்துட்டு வரல."

"சரி, டூர் ஆர்டர் குடுங்க. பதிஞ்சிடறேன்."

"ஆர்டர் இல்ல. லீவுல வந்தேன்."

காவலாளி அவனை மேலும் கீழும் பார்த்தார். "லீவுல இங்க வந்தீங்களா? சார், எனக்கே லீவு விட்டா நான் இங்க இருக்க மாட்டேன்."

"ஒரு நாள்தான். அதே மூலை அறை."

"ஆர்டர் இல்லாம கதவைத் திறந்தா என் கதவைச் சாத்திடுவாங்க. கோவிச்சுக்காதீங்க. டீ சொல்லட்டுமா?"

டீ குடித்துவிட்டுத் திரும்பினான். மாலையில் அலுவலகத்தைத் தாண்டித்தான் பஸ் வந்தது. இறங்கினான். கதவு பூட்டியிருந்தது. வாசலில் இருந்த தபால் பெட்டிக்குப் பக்கத்தில் நின்றபடி, எப்போதும் டூர் முடிந்ததும் செய்கிற மாதிரியே, பையிலிருந்த பயணப் படிவம் ஒன்றை நிரப்பினான். புறப்பாடு, காத்திருப்பு, வந்து சேர்ந்த நேரம், கையெழுத்து. பெட்டிக்குள் போட்டான். வீட்டுக்குப் போய் முன் அறையிலேயே, சட்டையைக் கழற்றாமல் படுத்தான்.

மறுநாள் பத்து மணிக்கு போன் அடித்தது.

"தராசு! என்னடா இது?" கெடு அக்கா தம்பியிலிருந்து டாவுக்கு இறங்கியிருந்தாள்.

"எது?"

"லீவுல ஊர் சுத்திட்டு, அதுக்கு லீவு கேட்டுப் படிவம் போட்டிருக்க. எட்டு மணி நேரத்தைக் கழிக்கச் சொன்னா ஒன்பது மணி நேரம் ஏத்திட்டு வர்ற. என் சர்வீஸ்ல இப்படி ஒருத்தனைப் பார்த்ததில்ல."

தான் என்ன செய்தோம் என்பது அவனுக்கே அப்போதுதான் உறைத்தது.

மறுமுனையில் குரல் இறங்கியது. "பயண நோக்கம்னு ஒரு கட்டம் இருக்குல்ல. அதை மட்டும் காலியா விட்டிருக்க."

"ம்."

"கிழிச்சுப் போட்டுட்டேன். யாருக்கும் சொல்ல மாட்டேன். சாப்பிட்டியா?"

"ம்."

"பொய் சொல்லாத. இன்னைக்கு வாசப்படி தாண்டாத தம்பி. வீடு உன்னைக் கடிச்சா தின்னுடப் போகுது?"

அன்று செவ்வாய்க்கிழமை.

பதினோரு மணிக்குத் தெருவில் பழைய பேப்பர்காரர் குரல் கொடுத்துக்கொண்டு போனார். பன்னிரண்டரைக்கு எதிர்ச் சுவரில் வெயில் ஏறி ஜன்னல் வழியாகத் திரும்பி விழுந்தது. அது நாள்காட்டியின் மேல் விழும் என்பது அவனுக்குத் தெரியாது. நாள்காட்டி ஏழு மாதத்துக்கு முந்தைய தாளில் நின்றிருந்தது. ஒன்றரைக்குப் பக்கத்து வீட்டில் யாரோ கொடியில் துணி உதறினார்கள். பிறகு எதுவும் இல்லை. இரண்டு மணிக்கு வீடு முழுக்கத் தண்ணீர் நிரம்பின தொட்டி மாதிரி இருந்தது. அசைந்தால் வழிந்துவிடும் என்பதுபோல அவன் அசையாமல் உட்கார்ந்திருந்தான். இப்படித்தான் அவள் ஐந்து வருடம் உட்கார்ந்திருந்தாள் என்று நினைத்தான். அந்த ஒரு நினைப்புக்குப் பயந்துதான் இத்தனை பஸ் ஏறினான்.

தண்ணீர் குடிக்கச் சமையலறைக்குள் போனபோது தலைக்கு மேல் அந்தச் சத்தம் கேட்டது. கனமான மரக்காலைத் தரையில் தேய்த்து இழுக்கிற சத்தம். கூரையின் ஒரு மூலையில் தொடங்கி மறுமூலைக்குப் போய் நின்றது. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தான்.

மூன்று பத்து.

டம்ளரை வைத்துவிட்டுப் படியேறினான். கதவு திறந்தே இருந்தது. மாடி வீட்டுக்காரி நாற்பது வயதுக்குக் கொஞ்சம் மேலே இருப்பாள். தலை கலைந்து, அப்போதுதான் எழுந்த முகம். பத்திரிகை ஆபீஸில் ராத்திரி முழுக்கப் பிழை திருத்துகிற வேலை அவளுக்கு என்று பின்னால் சொன்னாள். பால்கனி ஓரம் இழுத்துப்போட்ட பெரிய மர நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். எதிரில் இன்னொரு சின்ன நாற்காலி காலியாக இருந்தது.

"சத்தம் ஜாஸ்தியா இருந்துச்சா?" என்று எழுந்தாள். "மன்னிச்சுக்குங்க. கீழ ஆள் இருக்கும்னு நினைக்கல. நீங்கதான் வீட்லயே இருக்கறதில்லையே."

"இல்ல... தினமும் இழுப்பீங்களா?"

"தூக்க முடியாது. நீங்க வேணா தூக்கிப் பாருங்க." சிரித்தாள். பிறகு அவன் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்திக்கொண்டாள். "அவ உங்ககிட்ட சொல்லலையா?"

"சத்தம் வருதுன்னு சொன்னா. ஒரு தடவை."

"முதல்ல சண்டைதான். ஒட்டடைக் கம்பால கீழயிருந்து கூரையை இடிச்சா. நான் தூக்கம் தெளியாத கோவத்துல இறங்கிப்போய்க் கத்தினேன். அவளும் விடல. வாய்ன்னா வாய், எனக்கு மேல. கடைசியில ரெண்டு பேருக்கும் தொண்டை வறண்டு, டீ போட்டா." காலி நாற்காலியைக் காட்டினாள். "அப்புறம் அதுவே வழக்கமாயிடுச்சு. நான் எழுந்ததும் நாற்காலிய இழுப்பேன். அவ கம்பால ரெண்டு தட்டு தட்டினா, வர்றேன்னு அர்த்தம். ஒரு தட்டுன்னா வரல."

"வரலன்னா?"

"வீட்டுக்காரர் வீட்ல இருக்காருன்னு அர்த்தம். எனக்கு ஞாயித்துக்கிழமை பெரும்பாலும் ஒரு தட்டுதான். அதையும் மெதுவாத் தட்டுவா, நீங்க முன் ரூம்ல தூங்குவீங்களாமே."

அவனுக்கு ஒரு ஞாயிறு ஞாபகம் வந்தது. தாகத்துக்கு எழுந்து போனபோது மனைவி கையில் ஒட்டடைக் கம்போடு நின்றாள். என்ன செய்கிறாய் என்றான். ஒட்டடை அடிக்கிறேன் என்றாள். போன வாரமும் அடித்தாயே என்றான். சிலந்திக்கு உங்களை மாதிரி டூர் இல்லை, வீட்டிலேயே இருக்கிறது என்றாள்.

"அன்னைக்கு..." என்று தொடங்கினான்.

அவளுக்குப் புரிந்தது. "இழுத்தேன். தட்டு வரல. ஒண்ணும் வரல, ரெண்டும் வரல. இன்னொரு தடவை இழுத்துப் பார்த்துட்டு இறங்கி ஓடினேன். கதவைத் திறக்கவே கஷ்டப்பட்டா. வழியெல்லாம், உங்ககிட்ட சொல்ல வேண்டாம், பயந்துடுவீங்கன்னுதான் சொல்லிட்டு வந்தா. ஆட்டோல என் மடியில படுத்துக்கிட்டு என் புடவைல ஒரு நூல் பிரிஞ்சிருக்குன்னு சொன்னா. அதான் அவ."

அவள் உள்ளே போய் இரண்டு டம்ளரில் டீயோடு வந்தாள்.

"இப்பவும் ஏன் இழுக்கறீங்க?"

"பதில் வராதுன்னு தெரியும். கை போயிடுது." டம்ளரை நீட்டினாள். "குடிங்க. ஆறிடும்."

அவன் சின்ன நாற்காலியில் உட்காரவில்லை. நின்றபடியே குடித்துவிட்டு இறங்கிவிட்டான். சமையலறையில் நின்று அண்ணாந்து பார்த்தான். கூரையில் ஓர் ஓரமாக, சுண்ணாம்பு உதிர்ந்து அம்மைத் தழும்பு மாதிரி குழிகள். ஈரம் இறங்குகிறது என்று வீட்டுச் சொந்தக்காரரிடம் இரண்டு முறை புகார் சொல்லியிருந்தான். அப்போதும் மனைவி வாயைத் திறக்கவில்லை.

புதன்கிழமை மூன்று பத்துக்கு நாற்காலி இழுபட்டது. அவன் சமையலறையில்தான் இருந்தான். ஒன்றும் செய்யவில்லை.

வியாழக்கிழமை மதியம் போன் வந்தது.

"தம்பி, உனக்கு அதிர்ஷ்டம். துறைமுகத்துக்குப் போக இருந்தவன் கால உடைச்சுக்கிட்டான். சார் உன்னைக் கேக்குறாரு. மீதி மணியை வேண்டாம்னு ஒரு வரி எழுதிக் குடுத்துட்டா, நாளைக்கே ஆர்டர். நானே டைப் பண்றேன், போதுமா?"

பன்னிரண்டு நாள். கடலோர அறை. இந்த வீடு கண்ணில் படாது. நான்கு நாளைக்கு முன் என்றால் போனிலேயே கையெழுத்துப் போட்டிருப்பான்.

"எவ்வளவு மிச்சம் இருக்குக்கா?"

"இன்னைக்குச் சேர்த்துக் கழிச்சா, நாப்பது."

"நாப்பதையும் எடுத்துக்கறேன்."

மறுமுனையில் பேனா மூடியை மாட்டுகிற சத்தம் கேட்டது. "வேற ஆளைப் பார்க்கச் சொல்லட்டுமா?"

"சொல்லுங்க."

"சரிடா கண்ணா," என்று வைத்துவிட்டாள். முதல்முறையாக எதற்கும் கெடு சொல்லாமல்.

மூன்று அடிப்பதற்கு முன்பே சமையலறைக்குப் போனான். கதவுக்குப் பின்னால் ஒட்டடைக் கம்பு சாய்ந்திருந்தது. ஏழு மாதமாக யாரும் தொடாததால் அதன் மேலேயே ஒட்டடை படிந்திருந்தது. கையால் துடைத்தான். கம்பின் நுனி மழுங்கி வெள்ளை பூத்திருந்தது.

மேலே நாற்காலி நகர்ந்தது. இந்த மூலையில் தொடங்கி அந்த மூலைக்குப் போனது. நிற்பதற்குள் அவன் கம்பை உயர்த்தி, பழைய குழி ஒன்றில் பொருத்தி, மெதுவாக ஒரு தட்டு தட்டினான்.

சத்தம் சட்டென்று நின்றது. மாடியில் மூச்சுக்கூட இல்லை.

வீட்டுக்காரர் வீட்டில் இருக்கிறார். யாருக்கு அதைச் சொன்னான் என்று அவனுக்கே தெரியவில்லை. சுண்ணாம்புத் தூள் கண்ணில் விழுந்திருந்தது. கை வலிக்கும்வரை கம்பைத் தூக்கிப் பிடித்தபடி நின்றான்.

பிறகு இன்னொரு முறை தட்டினான்.