பின்வாசல் வீட்டு வாரிசு

அரண்மனைக்குப் பன்னிரண்டு வாசல்கள். பதினொன்றைக் காத்த குடும்பங்களுக்குக் கொடியும் குடையும் உண்டு. பன்னிரண்டாவது, பறக்கும் குதிரைகளின் சாண வண்டி வெளியேறும் பின்வாசல். அதைக் காத்தவர்களுக்கு இருந்ததெல்லாம் ஒரே பெருமைதான்: அந்தக் கதவு அவர்கள் ரத்தத்துக்கு மட்டுமே திறக்கும்.

காவல்காரர் இறந்த மறுவாரம் வம்சாவளி எழுத்தர் வந்தார். ஒரே மகள் கதவில் கை வைத்தாள். தகப்பன் இருக்கும்வரை பிள்ளை அதைத் தொடக்கூடாது என்பது விதி. அவளுக்கு இதுதான் முதல் தடவை. கதவு அசையவில்லை. அழுத்தினாள், தோளால் முட்டினாள். ஊஹும்.

"துரு ஏறியிருக்கும், நகரு" என்று அவள் கணவன் கை வைத்தான். தையல்காரன். ஒரு நாளும் கதவுப் பக்கம் வராதவன். கதவு முனகிக்கொண்டே திறந்தது.

எழுத்தர் ஏட்டைப் பார்த்தார், அவனைப் பார்த்தார். "நீங்க மாப்பிள்ளைதானே?"

"நேத்து வரைக்கும் அப்படித்தான்."

அவளுக்குத் தலை கிறுகிறுத்தது. இவனும் அப்பாவின் பிள்ளையா? அப்படியானால் நான் இவனுக்கு யார்? மாமியாரிடம் ஓடினாள். மாமியார் முற்றத்தில் போர்வை உதறிக்கொண்டிருந்தாள்.

"அத்தை, கதவு அவருக்குத் திறக்குது. எனக்குத் திறக்கல."

மாமியார் போர்வையோடு அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

"நீங்க பொறந்த வருஷம், வாசல் காக்கிற வீடுகள்ல பொறந்த ஆம்பளைப் புள்ளைங்களை எல்லாம் பட்டாளத்துக்குன்னு அள்ளிட்டுப் போனாங்க. உங்கம்மா அவனை என் மடியில போட்டுட்டு உன்னைத் தூக்கிட்டுப் போனா. அப்ப வாசல் உங்க தாத்தா கையில; உங்கப்பா எல்லையில இருந்தாரு, அவருக்குத் தெரியாது. ஒரு வருஷம்னுதான் பேச்சு. ஒரு வருஷம் பால் குடுத்த பெறகு யாருடி திருப்பித் தருவா?"

"அப்ப நாங்க..."

"ஒட்டுமில்ல, உறவுமில்ல. பயப்படாத. அதான் கட்டி வெச்சோம். ரெண்டு வீட்டுக்கும் ரெண்டு புள்ளையும் ஆச்சு."

பயம் போனது, குழப்பம் போகவில்லை. பத்து வருடமாக உப்பு போதாது, உறைப்பு போதாது என்று மல்லுக்கு நின்ற மாமியார்தான் பெற்ற தாய். தோளில் தூக்கி வளர்த்த அப்பாதான் மாமனார். எழுத்தர் "மகள்" என்பதை அடித்து "மருமகள்" என்று எழுதியபோது, வளர்ந்த வீட்டுக்கே வாழவந்தவள் போல வெறுமனே நின்றாள். இதில் அழுவதா சிரிப்பதா என்றும் பிடிபடவில்லை.

மறுநாள் காலை வண்டிகள் வரிசைகட்டின. கணவன் கதவைத் திறந்துவிட்டுத் திருதிருவென விழித்தான். எந்த வண்டி முன்னால், எந்தக் குதிரை உதைக்கும், எதுவும் அவனுக்குத் தெரியாது.

"கையை எடுக்காம நில்லுங்க" என்று சொல்லிவிட்டு அவளே வண்டிகளை அதட்டி அனுப்பினாள்.

உள்ளேயிருந்து மாமியாரின் குரல் வந்தது. "அடியே, வெந்நீர் ஆறுது!"

"இதோ..." என்றாள். அடுத்து என்ன சொல்லிக் கூப்பிடுவது என்று தெரியவில்லை. "வரேன்" என்று மட்டும் சொன்னாள்.