பலகை மேலேயா, கீழேயா

1

இந்தக் கதை ஒரு சட்டையிலிருந்து வந்தது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு நான் எதையோ பெரிதாக யோசித்து எழுதியதாக நீங்கள் நினைத்துவிடக் கூடாது.

மாலை நேர எழுத்து வகுப்பு முடிந்து வீட்டுக்கு நடந்துகொண்டிருந்தேன். ஊர் முடிகிற இடத்தில் ஒரு பக்கம் ஆறு, மறுபக்கம் சதுப்பு, நடுவில் கரை. கரை மேல்தான் என் குறுக்குவழி. ஆற்றையும் சதுப்பையும் சேர்க்கும் வாய்க்காலில் பழைய மதகு ஒன்று இருக்கிறது. இரும்புக் கதவெல்லாம் கிடையாது. இரண்டு பக்கச் சுவரிலும் பள்ளம் வெட்டி, அதில் ஒன்றன்மேல் ஒன்றாக மரப்பலகைகளைச் செருகியிருக்கிறார்கள். பலகையை எடுத்தால் ஆற்றுத் தண்ணீர் சதுப்புக்குள் வரும், போட்டால் நிற்கும்.

மழை அப்போதுதான் விட்டிருந்தது. மதகின் மேல் ஒருவர் குனிந்து, தண்ணீரில் பாதி முங்கிய ஒரு பலகையை இரண்டு கைகளாலும் பிடித்திருந்தார். பின்னால் ஒரு பெண், அவருடைய சட்டையின் முதுகுப் பக்கத்தைக் கொத்தாகப் பிடித்தபடி நின்றார். இன்னொரு கையில் காலி வாளி.

அவ்வளவுதான் பார்த்தேன். நாட்குறிப்பில் அன்று எழுதியது இது: "மதகில் இருவர். சட்டை. வாளி. என்னவென்று கேட்டிருக்கலாம்." கேட்கவில்லை. கேட்டிருந்தால் இதை எழுதவேண்டி வந்திருக்காது.

2

தொடக்கங்கள்:

அ) "நாணல்கள் தலையசைத்து வரவேற்றன." (அடித்துவிட்டேன். ஒரு மாலை முழுக்க நின்று பார்த்தேன். நாணல் யாரையும் வரவேற்பதில்லை. காற்று அடிக்கிற பக்கம் சாய்கிறது, அவ்வளவுதான்.)

ஆ) "சதுப்பு நிலங்கள் பூமியின் சிறுநீரகங்கள் எனப்படுகின்றன." (பள்ளிக் கட்டுரை. நான் அதில் நல்ல மதிப்பெண் வாங்கியவன் என்பதால் இந்த மாதிரி வாக்கியம் கூப்பிடாமலே வந்து நிற்கும்.)

இ) "அவள் தண்ணீரை முகர்ந்து பார்த்தாள், பிறகு தன் கணவனை—" (தன் கணவனை என்ன செய்தாள் என்று தெரியாததால் நின்றுவிட்டது. ஆனால் மூன்றில் இதுதான் உயிரோடிருக்கிறது. இதிலிருந்தே போகிறேன்.)

3

அவர்கள் கணவன் மனைவி என்று முடிவு செய்துவிட்டேன். அப்படிச் சட்டையைப் பிடிக்க உரிமை வேண்டும். கதைக்குள் வந்துவிட்டதால் இனி அவன், அவள். நேரில் பார்த்தால் வாங்க போங்க என்றுதான் பேசுவேன்.

அவன் மதகுக்காரன். பலகையைப் போடுவதும் எடுப்பதும் அவன் வேலை. அவள் ஊர்க் குடிநீர் நிலையத்தில் தண்ணீரைச் சோதிப்பவள். காலையில் குழாய்த் தண்ணீரில் குளோரின் சரியாக இருக்கிறதா என்று பார்த்து அவள் தலையாட்டினால்தான் ஊர் வாய் கொப்பளிக்கலாம்.

மாலையில் சம்பளமில்லாத வேலை ஒன்றும் அவளுக்கு உண்டு. ஊரில் சிலர் சேர்ந்து சதுப்பைக் காப்பாற்றக் குழு வைத்திருக்கிறார்கள். குப்பை அள்ளினார்கள், சாக்கடைக் குழாயைத் திருப்பிவிட்டார்கள், கரையில் கோரை நட்டார்கள். தண்ணீர் மெல்லத் தெளிந்தது. போன வருஷம் மீன் குஞ்சுகள் திரும்பி வந்தன. தண்ணீரை அளப்பது அவள் பொறுப்பு. அளந்து அவள் "மூடு" என்றால் மதகை மூடுவதாகக் குழுவுக்கும் மதகுக்காரனுக்கும் ஏற்பாடு. அதாவது, அவன் வீட்டில் மட்டுமல்ல, மதகிலும் அவள் சொன்னபடிதான்.

(இந்த நகைச்சுவை பழையது என்று தெரியும். அவனே சொல்லிக்கொள்வான் என்பதால் விட்டுவைத்தேன்.)

சிக்கல் என்னவென்றால், முதல் பெருமழைக்கு ஆற்றுக் கெண்டைகள் முட்டையிட ஆழமில்லாத புல் தேடிச் சதுப்புக்கு ஏறிவரும். அதே மழைக்குத்தான் மேலேயுள்ள சாயப்பட்டறைக்காரர்கள் கழிவுத் தொட்டியைத் திறந்து ஆற்றில் விடுவார்கள். மீனும் அழுக்கும் ஒரே வாசலில் வந்து நிற்கும்.

4

அவள் மூடு என்றாள். அவன் மூடினான். பிறகு இருவரும் சமையலறையில் பாத்திரம் கழுவினார்கள்.

"வெளிய நிக்குதுங்க," என்றான், தட்டைத் துடைத்துக்கொண்டே.

"யாரு?"

"கெண்டைங்கதான், வேற யாரு? வயிறு முட்ட முட்டையோட. மூக்கால பலகையை இடிச்சுக்கிட்டே இருக்கு. எனக்கு இங்க வரைக்கும் சத்தம் கேக்குது."

"வாசல்ல பெல் அடிச்சா மட்டும் கேக்காது."

"அது மனுஷன் அடிக்கிறது."

அவள் சிரிக்கக் கூடாது என்று பல்லைக் கடித்தாள். "ஆத்துத் தண்ணி கறுப்பா வருது. ஆக்சிஜன் பாதிகூட இல்ல. ஆறு ஓடுற தண்ணி, கழுவிக்கிட்டுப் போயிடும். சதுப்பு நிக்கிற தண்ணி. உள்ள வந்தது அந்தச் சேத்துலயே படுத்துக்கும். இப்ப இருக்கிற குஞ்சு அத்தனையும் போயிடும்."

"சரிங்க டாக்டரம்மா. வெளிய நிக்கிறதுக்குள்ள குஞ்சு இல்லையா? ரெண்டு நாள் பொறுக்கும். அப்புறம் அந்த வாய்க்கா சிமெண்டு மேலயே முட்டையைக் கொட்டிட்டுப் போயிடும். ஒண்ணு பொரியாது."

"உள்ளே நீந்துவது உயிர், வயிற்றில் இருப்பது கனவு."

[இந்த வரியை வகுப்பில் படித்தபோது பக்கத்து பெஞ்சுத் தையற்காரம்மா சத்தமாகச் சிரித்துவிட்டார். "பாத்திரம் கழுவுறப்ப யாருப்பா இப்படிப் பேசுவா? அந்தப் பொண்ணு வாயைத் திறந்தா ரிப்போர்ட் வருது, இல்லாட்டி கவிதை வருது. ஒரு தும்மலாவது வரட்டும்." அவர் சொன்னது சரி. எடுத்துவிட்டேன். ஆனால் தழும்பு தெரியட்டும் என்று இங்கே வைத்திருக்கிறேன்.]

அவள் தும்மினாள். சோப்பு நுரை மூக்கில் ஏறியிருந்தது. ஈரக் கையால் துடைத்துக்கொண்டு, "வயித்துக்குள்ள இருக்கிறதை நான் அளக்க முடியாதுங்க," என்றாள்.

சொன்ன பிறகு அன்று முழுக்க அவளுக்கு வேலை ஓடவில்லை. அளக்க முடியாததை இல்லை என்று சொன்ன மாதிரி ஆகிவிட்டதோ என்று இருந்தது.

5

யோசனை அவனுடையது. மறுநாள் மாலை, மழை நின்ற இடைவெளியில், அவளை வேலையிடத்து வாசலிலேயே பிடித்துச் சொன்னான்.

"வாசலைத் திறக்க வேணாம். ஆளைத் தூக்கி உள்ள விட்டா போச்சு!"

வலை போட்டுக் கெண்டைகளைப் பிடிப்பது, தொட்டியில் போட்டுக் கரையைத் தாண்டித் தூக்கிப்போவது, புல் இருக்கும் பக்கமாகச் சதுப்பில் இறக்கிவிடுவது. ஆற்றுத் தண்ணீர் ஒரு சொட்டுக்கூட உள்ளே வராது. அவளுக்கு அவனைத் தெருவிலேயே கட்டிக்கொள்ளலாம் போல இருந்தது. அவளுக்கு எல்லாம் முறைப்படி நடக்க வேண்டும், இது முறைப்படி இருந்தது.

வீட்டில் துணி துவைக்கிற பெரிய தொட்டியைத் தள்ளுவண்டியில் ஏற்றி அவன் தயாராக வைத்திருந்தான். விளிம்புவரை தண்ணீர், கண்ணாடி மாதிரி.

"எங்க பிடிச்சீங்க?"

"நம்ம குழாயிலதான். உன் தண்ணி. இதைவிடச் சுத்தமான தண்ணி இந்த ஊர்ல ஏது?"

அவளுக்குப் பெருமையாக இருந்தது. இந்த இடத்தில்தான் அவள் யோசித்திருக்க வேண்டும். எத்தனையோ தடவை திருத்தி எழுதிப் பார்த்தேன், ஒவ்வொரு தடவையும் அவள் பெருமைப்படத்தான் செய்கிறாள். கணவன் வண்டி நிறைய அவள் வேலையைத் தள்ளிக்கொண்டு நிற்கும்போது வேறென்ன செய்வாள்?

கெண்டைகள் ஒவ்வொன்றாக வந்தன. கனமாக, வழவழவென்று. "இது உங்க அத்தை மாதிரியே முறைக்குதுங்க," என்றாள் ஒன்றைப் பார்த்து. "அத்தைக்கு மீசை கொஞ்சம் கம்மி," என்றான். தொட்டி நிறையட்டும், சேர்த்துத் தள்ளிப்போகலாம் என்று காத்திருந்தார்கள்.

முதலில் போட்ட மீன் மேலே வந்து காற்றை விழுங்க ஆரம்பித்தது. பிறகு மெல்ல ஒரு பக்கமாகச் சாய்ந்தது.

"ஆத்து அழுக்கு இப்பதான் வெளிய வருது போல," என்றான்.

அவள் தொட்டித் தண்ணீரில் நனைந்த கையை மூக்கருகே கொண்டுபோனாள். வேலையிடத்து வாசனை. தினமும் அவள் முடியிலும் துப்பட்டாவிலும் ஒட்டிக்கொண்டு வீட்டுக்கு வருகிற வாசனை.

"ஐயோ! குளோரினுங்க! தொட்டியைத் தள்ளுங்க, ஓடுங்க!"

"சுத்தமான தண்ணிதானே?"

"மனுஷன் குடிக்கச் சுத்தம்! மருந்து போட்ட தண்ணி! செதிலை அரிச்சிடும்!"

(செதில் இல்லை, செவுள். அந்தப் பதற்றத்தில் அவள் அப்படித்தான் சொன்னாள். நான் திருத்தவில்லை.)

தள்ளுவண்டி கரையில் குதித்துக் குதித்து ஓடியது. தொட்டியைச் சாய்க்காமல், அந்தத் தண்ணீர் உள்ளே போகக் கூடாது என்று, மீன்களை மட்டும் கையால் அள்ளிச் சதுப்பில் விட்டார்கள். சில நேராகப் போய்விட்டன. மயங்கிக் கிடந்தவற்றை இருவரும் சேற்றில் முட்டிபோட்டு, நிமிர்த்திப் பிடித்து, முன்னும் பின்னும் மெல்ல அசைத்தார்கள், செவுளுக்குள் தண்ணீர் ஓடும்படி. தூளியை ஆட்டுவதுபோல. அவள் தன் தோளை அவன் தோளோடு ஒட்டி வைத்துக்கொண்டாள்.

முதல் வரைவில் எல்லா மீனும் பிழைத்தன. என்னாலேயே நம்ப முடியவில்லை. இரண்டாவதில் ஒன்றும் பிழைக்கவில்லை, அதைப் படிக்க எனக்குத் தெம்பில்லை. இதில் ஒன்று மட்டும் பிழைக்கவில்லை. அத்தை மாதிரி முறைத்த அந்த மீன். வெகுநேரம் அவள் அதை ஆட்டிக்கொண்டே இருந்தாள். "போதும்மா," என்று அவன் அவள் விரல்களைப் பிரித்தான்.

6

"சதுப்புத் தண்ணியிலேயே தூக்கியிருக்கலாமே?" என்று நீங்கள் கேட்பீர்கள். அவர்களும் அப்போதே கேட்டுக்கொண்டார்கள். வாளியில் சதுப்புத் தண்ணீர் மொண்டுகொண்டு மதகுக்குத் திரும்பியும் போனார்கள். ஆனால் வலைக்குப் பயந்து கெண்டைகள் ஆழத்துக்குப் போய்விட்டன. கரையில் ஆள் நின்றால் வரவில்லை. தள்ளிப்போய் உட்கார்ந்தால் மறுபடி பலகைக்கு வந்து மூக்கால் இடித்தன. இப்போது அவளுக்கும் அந்தச் சத்தம் கேட்டது.

அவள் வாளித் தண்ணீரைச் சதுப்பிலேயே ஊற்றிவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

"இனிமே அளக்க வேற ஆளைப் பாத்துக்கோங்கன்னு குழுவுல சொல்லிடப் போறேன். சுத்தம்னா என்னன்னே எனக்குத் தெரியல."

"குழாயைத் திறந்தது நான்."

"தலையாட்டினது நான்."

"சரி, பாதிப் பாதி. வீட்டுக் கடன் மாதிரி."

அவள் மூக்கை உறிஞ்சினாள். ஆறு ஏறிக்கொண்டிருந்தது. மேல் பலகைக்குச் சற்றுக் கீழே நின்ற தண்ணீர் இப்போது அதன் விளிம்பை நக்கியது. சும்மா இருக்க முடியாது. அடைப்பதென்றால் மேலே இன்னொரு பலகை போட வேண்டும். விடுவதென்றால் ஒன்று எடுக்க வேண்டும்.

"நீ சொன்னபடியே இருக்கட்டும்மா," என்றான் அவன். "உள்ள இருக்கிற குஞ்சுங்களையாவது பாப்போம். ஒரு பலகை போட்டுடறேன்."

"வேணாங்க. நீங்க சொன்னதுதான் சரி. ஒண்ணு எடுங்க. வர்றது வரட்டும். தினமும் நான் அளந்து பாக்கிறேன்."

"இப்பதானே நான் உன் பக்கம் வந்தேன்! மாத்தாத!"

"நானும் இப்பதாங்க உங்க பக்கம் வந்தேன்."

இருவரும் எதிரெதிர்ப் பக்கத்திலேயே நின்றார்கள், இடம் மட்டும் மாறியிருந்தது. அவன் எழுந்து மதகின் மேல் போய்க் குனிந்தான். வழுக்கும் என்று அவள் சட்டையைப் பிடித்தாள்.

அந்த நேரத்தில்தான் நான் கரைமேல் வந்தேன்.

7

ஒரு முடிவு எழுதினேன். பலகை எடுக்கப்படுகிறது. கறுத்த தண்ணீரோடு கெண்டைகள் உள்ளே பாய்கின்றன. புல்லெல்லாம் சலசலக்கிறது. அவள் கருவியை இறக்கி—

இன்னொன்றும் எழுதினேன். பலகை போடப்படுகிறது. உள்ளே தெளிந்த தண்ணீரில் குஞ்சுகள் கூட்டமாகத் திரும்புகின்றன. மறுநாள் காலை அவன் வாய்க்கால் சிமெண்டில் மஞ்சளாக ஒட்டிக்கிடப்பதைப் பார்த்துவிட்டு—

இரண்டையும் முடிக்கவில்லை. எது எழுதினாலும் இருவரில் ஒருவருக்குச் சமையலறையில் சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும் என்று தோன்றியது. "முடிக்கத் துணிவில்லாதவர்கள் செய்கிற வேலை இது," என்றார் வகுப்பு ஆசிரியை. மறுக்கவில்லை. தையற்காரம்மா மட்டும், "நேர்ல போய்க் கேட்டுட்டு வாயேன்ப்பா, கரை என்ன கடலுக்கு அந்தப் பக்கமா இருக்கு?" என்றார்.

போகலாம். ஆனால் அன்றிலிருந்து நான் சுற்றுவழியில் வீட்டுக்குப் போகிறேன். அங்கே கெண்டையும் இல்லை, அவர்கள் பலகையிடுக்கில் சிக்கிய செருப்பைத்தான் எடுத்தார்கள் என்றால் நான் என்ன செய்வேன்? கெண்டை இருந்தது, முட்டையெல்லாம் போய்விட்டது என்றால் அதற்கும் என்ன செய்வேன்?

8

ஆகவே நான் உண்மையில் பார்த்ததற்குத் திரும்புகிறேன். அவர் கைகளில் ஒரு பலகை இருந்தது, அது நிச்சயம். பாதி தண்ணீருக்கு மேலே, பாதி கீழே. ஏறிக்கொண்டிருந்ததா, இறங்கிக்கொண்டிருந்ததா என்று அந்த வெளிச்சத்தில் தெரியவில்லை. நான் நிற்கவும் இல்லை.

இனி நீங்கள்தான் அங்கே குனிய வேண்டும். ஒரு பக்கம் காத்திருப்பது என்ன, மறுபக்கம் இருப்பது என்ன என்று உங்களுக்குத் தெரியும். பலகை ஈரமாக, நினைத்ததைவிடக் கனமாக இருக்கும். எடுங்கள் அல்லது போடுங்கள். ஆறு ஏறுகிறது, அதிக நேரமில்லை.

உங்களில் ஒருவர் மட்டும் பின்னால் நில்லுங்கள். அந்தச் சட்டையை விட்டுவிடாதீர்கள்.